நேற்றுப் பேசிய மோடம் இன்று ஊமையானது ஏன்?

ஒரு கணிப்பொறி நேற்று மாலை வரை தொலைபேசிக் கம்பியின் வழியே இணையத்தோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது. இரவில் அதன் சொந்தக்காரர் ஒரு குறுவட்டைச் செருகி, லினக்ஸ் இயக்கத் தொகுதியின் உட்கருவை, அதாவது கெர்னலை, புதிய பதிப்புக்கு மாற்றினார். காலையில் வழக்கம்போல் எண்ணைச் சுழற்றினால் தொடர்பு கிடைக்கவில்லை. தொலைபேசி அதேதான். மோடமும் அதேதான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே நிறுவனத்தின் இணைப்பில் மின்னஞ்சல் படித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் பழுது எங்கே?

லினக்ஸைப் பயன்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒருமுறையாவது இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் தொலைபேசிவழி இணைய சேவையை 2025 செப்டம்பர் 30-இல் நிறுத்திவிட்டது. நம் நாட்டில் அது அதற்கும் முன்பே வழக்கொழிந்தது. எனினும் அந்தப் பழுதை ஆராய்ந்தால் தொலைபேசிக் கம்பியின் இயற்பியல், இரு பொறிகள் உரையாடும் முறை, கெர்னல் செய்யும் வேலை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தெரிந்துகொள்ளலாம். அவற்றுள் இரண்டு, இன்று உங்கள் வீட்டுக்கு வரும் கண்ணாடியிழை இணைப்பிலும் உயிரோடிருக்கின்றன.

பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சென்னையும் முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களுள் ஒன்று. மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் எழுத்து மட்டுமே தெரியும் கணக்கு கொடுத்தார்கள். படங்களோடு பார்க்கவேண்டுமானால் கட்டணம் பன்மடங்கு. பின்னர் தனியார் நிறுவனங்களும், பாரத் சஞ்சார் நிகமும் இத்துறைக்கு வந்தபிறகு, 172 என்று தொடங்கும் எண்ணைச் சுழற்றி உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் இணையத்தை அடைய முடிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வணிகர்களுக்கு இது சிறிய செய்தியன்று. ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வாங்குபவர், தோலின் கனம் இத்தனை மில்லிமீட்டர், நிறம் இன்னது என்று எழுதும் கடிதத்துக்கு அன்றைக்கே மறுமொழி போகவேண்டும். வெளிநாட்டுத் தொலைநகலுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியில் மின்னஞ்சல் போய்விடும். ஒருநாள் மோடம் ஊமையானால், அந்தக் கடிதம் அங்கேயே நிற்கும்.

லினக்ஸோ பெரும்பாலும் குறுவட்டில் வந்தது. பி.சி. குவெஸ்ட் போன்ற இதழ்கள் லினக்ஸ் குறுவட்டை இதழோடு சேர்த்தே கொடுத்தன. இதைக் கவனத்தில் வையுங்கள்: புதிய கெர்னல் குறுவட்டில் வந்துவிடும், அது கெடுத்ததைச் சரிசெய்யும் மென்பொருளோ இணையத்தில் மட்டும் இருக்கும். இணையத்தை அடைய மோடம் வேண்டும். மோடத்தை எழுப்ப இணையம் வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை.

கம்பிக்குள் நடப்பது

முதலில் கம்பியைப் பார்ப்போம். அமிர்தியை அறிந்திருப்பீர்கள், வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உயிரியல் பூங்காவும் அருவியும் உள்ள ஊர். அத்தகைய மலையடிவார ஊரில், தொலைபேசி நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 85 ஓம் மின்தடை. போகவும் வரவும் இரண்டு கம்பிகள். ஆகவே 5 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 850 ஓம். நிலையத்தின் 48 வோல்ட் மின்கலம் இந்தத் தடையைத் தாண்டித்தான் உங்கள் தொலைபேசிக்கு மின்னோட்டம் தருகிறது. மழைநீர் புகுந்த ஓர் இணைப்பு நடுவில் இருந்தால் கொரகொரவென்று இரைச்சலும் சேரும்.

இந்தக் கம்பியைத் தொலைபேசித் துறை மனிதக் குரலுக்காகவே அமைத்தது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டும் அது கடத்தும். 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய சந்து என்று சொல்லலாம். கணிப்பொறியின் 0, 1 என்னும் இலக்கங்களை இந்தச் சந்துக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், மறுமுனையில் ஒலியை மீண்டும் இலக்கமாக்குவதும் மோடத்தின் வேலை.

எவ்வளவு வேகமாக அனுப்பலாம்? இதற்கான வரம்பை 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் கணக்கிட்டுக் காட்டினார். அலைவரிசையின் அகலத்தை, ஒன்றோடு சைகை-இரைச்சல் விகிதத்தைக் கூட்டி அதற்கு 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து, அந்த எண்ணால் பெருக்கவேண்டும். சைகையின் திறன் இரைச்சலைப்போல் 1,000 மடங்கு எனில் மடக்கை ஏறத்தாழ 10. வேகம் நொடிக்குச் சுமார் 31,000 பிட். ஈரம் புகுந்த கம்பியில் விகிதம் 100-க்கு இறங்கினால் வேகம் சுமார் 20,600 ஆகிவிடும். இரைச்சல் பத்து மடங்கு கூடியும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். மடக்கையின் குணம் அது. நல்ல கம்பியில் 33,600 பிட் வேக மோடம்கள் வேலை செய்ததும், மழைக்காலத்தில் அவையே 20,000-க்கு அருகில் தடுமாறியதும் இதனால்தான். 56,000 என்று பெட்டியின்மேல் அச்சிட்டு 1998-க்குப் பின் வந்த மோடம்கள் ஷானனை ஏமாற்றிவிடவில்லை. தொலைபேசி நிலையத்துக்கும் இணைய நிறுவனத்துக்கும் இடையில் குரல் ஏற்கெனவே இலக்கமாகவே பயணம் செய்தது; அந்தப் பகுதியில் ஒலியாக மாற்றும் வேலையை விட்டுவிட்டதால், நிறுவனத்திலிருந்து வரும் திசையில் மட்டும் வேகம் கூடியது.

மோடம் எண்ணைச் சுழற்றும்போது கேட்கும் ஒலிகளை நினைவுள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் நிலையத்தின் 'சுழற்றலாம்' என்னும் ஒலி. பிறகு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்தொலிக்கும். 5-க்கு 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும். அடுத்து மறுமுனை மோடம் 2,100 ஹெர்ட்ஸில் கூவும். நெடுந்தொலைவுப் பாதைகளில் எதிரொலியை அடக்கும் கருவிகளைச் சற்று விலகியிருக்கச் சொல்லும் கூவல் அது. பின்னர் இரு மோடம்களும் கம்பியைச் சோதித்து, எந்த வேகம் தாங்கும் என்று பேரம் பேசி முடிக்கின்றன. அதுவே அந்தச் சீறலும் இரைச்சலும். பேரம் படிந்ததும் ஒலி அடங்கும். திரையில் 'கனெக்ட்' என்று ஒரு சொல்.

இவ்வளவும் நடந்தபின்னும் நீங்கள் இணையத்தில் இல்லை. இரண்டு பொறிகளுக்கிடையே ஒரு குழாய் மட்டுமே போடப்பட்டிருக்கிறது. குழாயில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கே ஒரு பொட்டலம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குழாய்க்குத் தெரியாது. இதற்கு ஏற்பட்ட ஒழுங்குமுறைக்குப் 'பாயின்ட் டு பாயின்ட் புரோட்டகால்', சுருக்கமாகப் பி.பி.பி., என்று பெயர். பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாகக் கட்டி, முத்திரை குத்தி, உள்ளே எத்தனை என்று சீட்டு வைத்து லாரியில் ஏற்றுகிறார்கள் அல்லவா? பி.பி.பி.யும் தகவலைக் கட்டுகளாக்கி, இரு முனையிலும் எல்லைக்குறி வைத்து, வழியில் ஏதும் சிதைந்ததா என்று சரிபார்க்க ஒரு கணக்கெண்ணையும் சேர்க்கிறது. கட்டுகளை அனுப்புவதற்கு முன் மூன்று உடன்படிக்கைகள் நடக்கும். எல்.சி.பி. என்பதில் கட்டின் அளவு முதலியவை முடிவாகும். அடுத்து பி.ஏ.பி. அல்லது சி.எச்.ஏ.பி. என்னும் முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும். கடைசியாக ஐ.பி.சி.பி.யில் உங்கள் கணிப்பொறிக்கு இணைய முகவரி ஒன்று வழங்கப்படும்.

உட்கரு மாறியபோது

லினக்ஸில் பி.பி.பி. வேலை இரண்டு பேருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. உடன்படிக்கை பேசுவது பி.பி.பி.டி. என்னும் தனி நிரல். கட்டுகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் கெர்னல். நொடிக்கு ஆயிரக்கணக்கான பைட்டுகளைக் கையாளும் வேலையைக் கெர்னலிடம் விடுவதே விரைவு. ஆனால் இரண்டு பேர் பங்காளிகளானால் அவர்களுக்குள் ஒத்த மொழி வேண்டும். ஒருவரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவரைப் பழைய நிலையிலேயே விட்டால் என்னவாகும்?

2001 ஜனவரியில் 2.4 கெர்னல் வந்தபோது இதுதான் நடந்தது. அதற்கு முந்தைய 2.2-இல் பி.பி.பி.க்கு 'பி.பி.பி.' என்ற ஒரே மாட்யூல். மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலோடு சேர்த்துக்கொள்ளும் துணைப்பகுதி. 2.4-இல் அதைப் பிரித்து, பொது வேலைக்குப் 'பி.பி.பி. ஜெனெரிக்', மோடம் போன்ற தொடர்வரிசைக் கருவிக்குப் 'பி.பி.பி. அசிங்க்' என்று தனித்தனியாக்கினார்கள். பி.பி.பி.டி.யோடு பேச ஒரு புதிய வாசலும் திறந்தார்கள். அந்த வாசல் 2.4.0-க்கு முந்தைய பி.பி.பி.டி.க்குத் தெரியாது. கெர்னலை மட்டும் மாற்றியவர்களின் கணிப்பொறியில் மோடம் ஒழுங்காக எண் சுழற்றியது, சீறியது, 'கனெக்ட்' என்றது. உடனே பி.பி.பி.டி., 'இந்தக் கெர்னலில் பி.பி.பி. ஆதரவு இல்லை' என்று சொல்லிக் கம்பியைத் துண்டித்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் தொலைபேசிக் கட்டணம் மட்டும் ஏறியது.

இங்கே ஒரு வேடிக்கை. எழுத்து மட்டுமே தெரியும் மாணவர் கணக்கு வைத்திருந்தவர்கள் பி.பி.பி. இல்லாமலே மினிகாம் போன்ற முனைய நிரலால் வேலை செய்தவர்கள். இந்த மாற்றம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை! மலிவான கணக்கே இங்கு வலிவான கணக்காயிற்று.

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் இன்னொரு வகைத் தொல்லையைக் கொண்டுவந்தது. மாட்யூல்களைக் கெர்னலோடு சேர்க்கும் முறையே மாறிவிட்டது. 'ஓ' என்று முடிந்த மாட்யூல் கோப்புகள் 'கே.ஓ.' என்று முடியலாயின. அவற்றைச் சேர்க்கும் மாட்யூட்டில்ஸ் என்ற கருவித்தொகுப்பு போய், மாட்யூல்-இனிட்-டூல்ஸ் என்பது வந்தது. மாட்யூல்களைப் பற்றிய குறிப்புகள் இருந்த கோப்பின் பெயரும் மாறியது. பழைய கோப்பில் நீங்கள் எழுதிவைத்த வரிகளைப் புதிய கருவி படிக்கவே படிக்காது. கருவிகளுக்குப் பெயரிடும் வேலையையும் யூடெவ் என்ற புதிய ஏற்பாடு நாளடைவில் எடுத்துக்கொண்டது. அது கணிப்பொறி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கருவிப் பட்டியலைப் புதிதாக எழுதும். 'மோடம்' என்று நீங்கள் கைப்பட வைத்த குறுக்குப்பெயர் மறுநாள் இருக்காது.

இவையெல்லாம் ஓரிரு மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியவை. உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தவை 'வின்மோடம்' எனப்பட்டவை. முழுமையான மோடத்தில் ஒலியை இலக்கமாக்கும் கணக்குகளைச் செய்யத் தனிச் சில்லு இருக்கும். அதை எடுத்துவிட்டு, அந்தக் கணக்கின் பெரும் பகுதியைக் கணிப்பொறியின் மையச் செயலியே செய்யட்டும் என்று விட்டால் மோடத்தின் விலை வெகுவாகக் குறையும். அப்படியே செய்தார்கள். நம் ஊர்க் கடைகளில் பூட்டிக் கொடுத்த கணிப்பொறிகளுக்குள் பெரும்பாலும் இத்தகைய அட்டைகளே இருந்தன. அந்த அட்டை அரை மோடம்தான். மீதி அரை, இயக்கி என்னும் மென்பொருளில் இருக்கிறது. லூசென்ட், கோனெக்சன்ட் போன்ற சில்லுகளுக்கான லினக்ஸ் இயக்கிகளின் முக்கியப் பகுதி மூல நிரலாகக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே தொகுத்து முடித்த எண்களின் கூட்டமாகவே கிடைத்தது.

தொகுத்த இயக்கி கெர்னல் மாறினால் ஏன் ஓடாது? ஒரு மண்டியின் பேரேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியில் எடை எழுதுவது வழக்கம். கணக்குப்பிள்ளை ஒருவர் தலைப்பைப் படிக்காமல், இடமிருந்து மூன்றாவது என்று எண்ணிப் பார்த்தே எடையைச் சொல்லுபவர். புதிய பேரேட்டில் இடையே ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால், அவர் தேதியை எடை என்று வாசிப்பார்! மூல நிரலைப் புதிய கெர்னலுக்கு மறுபடி தொகுத்தால் பத்திகள் மீண்டும் எண்ணப்படும். தொகுத்து முடித்ததைத் திருத்த வழியில்லை. இத்தகைய விபத்தைத் தடுக்கவே 2.6 கெர்னல், ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு முத்திரைச் சொல்லை எதிர்பார்த்தது. எந்தக் கெர்னல் பதிப்புக்காக, எந்த அமைப்பில் தொகுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முத்திரை பொருந்தாவிட்டால் 'மாட்யூலின் வடிவம் செல்லாது' என்று வாசலிலேயே திருப்பிவிடும். பயனர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்போம், கெர்னலின் உள்ளுறுப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பது லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோரின் வெளிப்படையான கொள்கை. கொள்கையளவில் அதில் நியாயமுண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விலையை, மூல நிரலை மறைத்த நிறுவனங்களைவிட, மலிவான அட்டையை அறியாமல் வாங்கியவர்களே அதிகம் கொடுத்தார்கள்.

பழுதைத் தேடும் முறை

பரிசோதனைக் கூடத்தில் மின்சுற்று வேலை செய்யாவிட்டால் மின்கலத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துவருவீர்கள். இங்கும் அதே முறைதான். மின்னழுத்தமானிக்குப் பதில் உங்கள் காது.

முதற்கண் பழைய கெர்னலைக் கொண்டே கணிப்பொறியைத் தொடங்கிப் பாருங்கள். லிலோ, கிரப் என்ற தொடக்க நிரல்களின் பட்டியலில் பழைய கெர்னலையும் விட்டுவைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. பழையதில் தொடர்பு கிடைத்தால் கம்பி, அட்டை, கடவுச்சொல் மூன்றும் குற்றமற்றவை. மேலும், பழைய கெர்னலில் நின்றுகொண்டே புதிய கெர்னலுக்கான இயக்கியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சாவி பெட்டிக்கு வெளியே வந்துவிடுகிறது. இடத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பழையதை அழித்தவர்கள்தான், குறுவட்டு இருக்கும் நண்பரைத் தேடி வேலூருக்குப் பேருந்து ஏறினார்கள்.

அடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எண் சுழற்றும் ஒலியே கேட்கவில்லையா? கெர்னல் மோடத்தை அறியவில்லை. முதலில் 'டி.டி.ஒய்.எஸ். 0' போன்ற கருவிப்பெயர் சரியா என்று பாருங்கள். இதுவே விண்டோஸில் காம் 1 எனப்படுவது. அதன்பின் 'எல்.எஸ்.மாட்' என்ற கட்டளையால் எந்தெந்த மாட்யூல்கள் சேர்ந்துள்ளன என்றும், 'டி.மெசேஜ்' என்று நாம் வாசிக்கும் கட்டளையால் கெர்னல் என்ன முணுமுணுத்தது என்றும் காணலாம். முத்திரை பொருந்தாத செய்தி அங்கே இருந்தால் வேறெங்கும் தேடவேண்டாம். வின்மோடம்களுக்குச் சிலவேளை ஒலிபெருக்கியே இராது என்பதையும் மறவாதீர்கள்; அப்போது அதே கம்பியில் செருகிய மற்றொரு தொலைபேசியை எடுத்துக் கேட்கவேண்டும்.

'நோ டயல்டோன்' என்று வந்தால்? இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அமெரிக்க நிலையங்களின் அழைப்பொலி 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டின் சேர்க்கை. நம்முடையதோ 25 ஹெர்ட்ஸால் பண்பேற்றிய 400 ஹெர்ட்ஸ்; அதனால்தான் சீரான 'ஊ' என்பதற்குப் பதில் 'கர்ர்' என்று கேட்கும். புதிய இயக்கி, நாட்டுக் குறியீட்டை அமெரிக்கா என்றே வைத்துக்கொண்டு எழுந்தால், நம் ஒலியை அழைப்பொலி என்று ஒப்புக்கொள்ளாமல் போகக்கூடும். மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையில் 'எக்ஸ் 3' என்று சேர்த்தால், ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும்.

சீறல் முழுதும் கேட்டு, 'கனெக்ட்' என்றும் வந்து, அதன்பின் அறுந்தால் பழுது பி.பி.பி.யில். இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை: மினிகாமில் நேரடியாக எண்ணைச் சுழற்றுங்கள். மறுமுனை பயனர் பெயரைக் கேட்டாலோ, பொருளற்ற எழுத்துகளைக் கொட்டினாலோ குழாய் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பொருளற்ற எழுத்துகள், மறுமுனை அனுப்பும் எல்.சி.பி. கட்டுகளாகவே பெரும்பாலும் இருக்கும். இனி பி.பி.பி.டி.யின் பதிப்பையும் பி.பி.பி. மாட்யூல்களையும் பார்த்தால் போதும்.

இந்தப் பழுது மோடம் அட்டையோடு முடிந்துவிடவில்லை. 2010-ஐ ஒட்டி, கம்பி போகாத மலையடிவார ஊர்களுக்கும் யு.எஸ்.பி. டேட்டா கார்டுகள் இணையத்தைக் கொண்டுபோயின. அவையும் உள்ளுக்குள் மோடமே. சிலவகை '#777' என்றும், சிலவகை '*99#' என்றும் எண் சுழற்றிப் பி.பி.பி. பேசின. செருகியவுடன் அவை பல, தம்மைக் குறுவட்டு என்றே கெர்னலிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸுக்கான மென்பொருளைத் தருவதற்காக இந்த வேடம். வேடத்தைக் கலைத்து மோடமாக்க லினக்ஸில் யு.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்ற நிரல் வேண்டும். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் டேட்டா கார்டைச் செருகி, திரையில் குறுவட்டுப் படம் மட்டும் வருவதைப் பார்த்து விழித்த மாணவர்கள் இந்த வேடத்தைத்தான் பார்த்தார்கள்.

இப்போது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியிழைப் பெட்டிக்கு வருவோம். பாரத் சஞ்சார் நிகத்தின் இழை இணைப்பு பி.பி.பி.ஓ.இ. முறையில் இயங்குகிறது, அதே பி.பி.பி., ஈதர்நெட்டின்மேல் ஏறிவருகிறது. இத்தகைய பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவதும் லினக்ஸே. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் இணையம் வராவிட்டால், உலவியில் அதன் பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்.சி.பி., பி.ஏ.பி. அல்லது சி.எச்.ஏ.பி., ஐ.பி.சி.பி. என்று அதே சொற்கள் அதே வரிசையில் வரும். எல்.சி.பி.யே இல்லை என்றால் இழையையும் நிலையத்தையும் பாருங்கள். கடவுச்சொல் கட்டத்தில் நின்றால், புதுப்பிக்கும்போது அது அழிந்துபோயிருக்கும். மறுபடி எழுதிச் சேமித்தால் தொடர்பு வந்துவிடும்.